பொறுங்க, ஏறும்

அருணகிரி கையில் இருந்த டோக்கன் நாற்பத்தொன்று. சுவரில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்த எண் பத்தொன்பது. நடுவில் இருக்கிற இருபத்தொரு பேரும் தாங்கள் இன்னும் சாகவில்லை என்று அருப்புக்கோட்டை சார்நிலைக் கருவூலத்துக்குக் கைரேகை வைத்துக் காட்டிய பிறகுதான், அவர் தாம் சாகாததைக் காட்ட முடியும். ஓய்வூதியக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தரம் வைக்கிற பரீட்சை இது. படிக்க ஒன்றும் கிடையாது, ஆள் வந்து நின்றால் பாஸ். மணி பத்தே முக்கால். பன்னிரண்டுக்குள் அவர் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கருவூலத்துக்கு அல்ல, ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடித்துப் பாக்கெட் போட்டுக்கொண்டிருக்கும் சந்தனமாரிக்கு. காலை ஒன்பதேகாலுக்கு அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய செய்தி வந்தது. ‘சார், இன்னிக்கும் வெள்ளி வெல எறங்குது சார். ஒத்தி வீட்டுக்காரர் பன்னெண்டு மணி வரைக்கும்தான் டயம் குடுத்துருக்காரு. வேற ஆளு வீட்டப் பாத்துட்டுப் போயிருக்காங்களாம். விக்கவா, வெச்சிருக்கவா? நீங்க சொன்னாத்தான் சார்.’ படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்து வைத்தால் எழுத்து மாறிவிடுமா? காலரை இரண்டு தரம் தேய்த்தார், தேய்த்த காலரை மறுபடி தேய்த்தார், டவுன் பஸ் ஏறினார், கண்டக்டரிடம் மீதிச் சில்லறை வாங்காமலே இறங்கினார், டோக்கன் வாங்கினார், இதோ உட்கார்ந்திருக்கிறார், இன்னும் பதில் போடவில்லை. விற்றுவிடுங்கள் என்றால் அவளுக்கு வீடு. வெச்சிருங்க என்றால், வெச்சிருங்க என்றால் என்ன ஆகும் என்பதை நினைக்க அவருக்கு இஷ்டமில்லை. மேலே பார்த்தார். மூன்று மின்விசிறிகளில் ஒன்று சுற்றியது, அதுவும் கடமைக்குத்தான்.

வீடு என்றால் பங்களா இல்லை. ஒத்திக்கு வருகிற ஒற்றை அறையும் ஒரு சமையல்கட்டும். இரண்டு லட்சத்தை மொத்தமாக வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டால் மூன்று வருஷம் வாடகை இல்லாமல் இருந்துகொள்ளலாம், காலி செய்யும்போது பணம் முழுசாகத் திரும்பி வந்துவிடும். மாசம் பிறந்தால் வாடகைக்கு வழியில்லாத கூலிக்காரர்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு தெற்கே கிடையாது. அந்த இரண்டு லட்சத்துக்காகத்தான் மூன்று வருஷமாகச் சனிக்கிழமை கூலி வாங்கியதும் போனில் வெள்ளி வாங்கினாள் சந்தனமாரி. கையால் தொட முடியாத, போன் ஆப்பில் கணக்காக மட்டும் நிற்கிற வெள்ளி. ஒரு வாரம் ஐந்து கிராம், ஒரு வாரம் எட்டு, தீபாவளி போனஸில் ஐம்பது. புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் ஆக்கிக்கொண்டான் என்பதும், ஏழு வருஷமாக அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்பதும் அருணகிரிக்குத் தெரியும். அதுவும் கேட்டுத் தெரிந்ததில்லை. நகையாக வாங்காமல் ஏன் போனில் வாங்குகிறீர்கள் என்று ஒரு தரம் பேச்சுவாக்கில் கேட்டதற்கு அவள் எழுதியிருந்தாள்: ‘அண்ணன் வீட்ல இருக்கேன் சார். நகைன்னா கண்ணுல படும். இதுன்னா போனுக்குள்ள கெடக்கும்.’ அதற்கு அவர் போட்ட பதில், செய்கூலி சேதாரம் இல்லாததால் இதுதான் லாபம் என்பது. போட்டு மூன்று வருஷமாகிறது. இன்றைக்குத்தான், இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில்தான், அந்தப் பதில் அவரைச் சுருக்கென்று குத்தியது. கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கலாம். யார் கண்ணில் என்றாவது கேட்டிருக்கலாம். முகம் பார்க்காத ஒரு பெண்பிள்ளையிடம் கிராம் விலையைத் தாண்டிப் பேசுவது மரியாதை இல்லை என்று அப்போது ஒரு நியாயம் வைத்திருந்தார். அவரிடம் நியாயத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. இருபத்திரண்டு, என்றது சுவர். கைத்தடி ஊன்றி ஒரு டீச்சரம்மா எழுந்து போனார்.

முப்பத்துநான்கு வருஷம் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்தவர் அருணகிரி. சர்வேயர்கள் வெயிலில் சங்கிலி பிடித்து அளந்து வருவதை நிழலில் உட்கார்ந்து வரைபடம் ஆக்குவது வேலை. ஒரு மயிரிழை பிசகாமல் கோடு போடுவார் என்று ஆபீசில் பெயர். ஓய்வு பெற்ற பிறகு போடுவதற்குக் கோடு இல்லை. கை நமநமத்தது. அப்போது பழைய சகா ஒருவர் சொல்லி ஐம்பது கிராம் வெள்ளி போனில் வாங்கினார், அதே சகா அவரை ‘தென் மாவட்ட வெள்ளி தங்கம் சேமிப்போர்’ என்ற வாட்ஸப் குழுவிலும் சேர்த்துவிட்டார். சாத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவர் நடத்தும் குழு அது, அறுநூறு பேருக்கு மேல். ஒரு நாள் சும்மா பொழுது போகாமல், அந்த மாசத்து வெள்ளி விலையை வரைபடத் தாளில் பென்சிலால் புள்ளி வைத்து, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, படம் எடுத்துப் போட்டார். அவ்வளவுதான், குழு அமளிப்பட்டுவிட்டது. ‘சார் எந்தக் கம்பெனியில இருந்தீங்க?’ ‘சார், இந்தக் கோடு மேல போகுதே, அப்ப ஏறுமா சார்?’ ஏறும் என்று எழுதினார். ஏறியது. அவர் சொல்லியா ஏறியது? உலகத்தில் எவனோ எங்கேயோ வாங்கினான், ஏறியது. ஆனால் அன்றிலிருந்து அவர் வெள்ளி சார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் யூடியூபில் கோட்டு போட்டுக்கொண்டு பேசும் ஒரு பையன் சொல்வதுதான். சோலார் பலகைக்கு வெள்ளி வேண்டும், சுரங்கத்தில் வெள்ளி குறைகிறது, ஆகவே ஏறும். காலையில் அவன் சொல்வதைக் கேட்டு, மதியம் அதைத் தன் தமிழில் எழுதி, அடியில் ‘இது ஆலோசனை அல்ல, என் கருத்து மட்டுமே’ என்று மறக்காமல் ஒரு வரி போடுவார். சொந்தமாக அந்த ஐம்பது கிராமுக்கு மேல் ஒரு கிராம் வாங்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். பயம், வேறென்ன. தன் பணம் என்றால் பயம், பிறத்தியார் பணம் என்றால் தைரியம், இதைத்தான் குழுவில் அனுபவம் என்கிறார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கைராசி வந்து சேர்ந்தது. முட்டை வியாபாரம் பார்க்கிற ஒரு ஆள்தான் ஆரம்பித்து வைத்தார். ‘சார், உங்க கையால ஒரு ரூபா அனுப்பி விடுங்க, அதோட சேத்து வாங்குறேன்’ என்று. கடையில் முதல் போணிக்கு ராசியான ஆளைக் கூப்பிடுவது மாதிரி. இவர் ஒரு ரூபாய் ஜிபேயில் அனுப்பினார், அந்த வாரம் வெள்ளி எகிறியது, அப்புறம் கேட்கவா வேண்டும், சனிக்கிழமை ஆனால் பத்து ரூபாய், பதினைந்து ரூபாய் இப்படியே போகும். பணம் போகட்டும். அந்த ஒரு ரூபாய்க்குப் பின்னால் ஒரு விதியும் தானாகவே முளைத்துவிட்டது. வாங்க வைத்த கை சொல்லித்தான் விற்க வேண்டும், சொல்லாமல் விற்றால் வந்த ராசி திரும்பிப் போய்விடும். படித்தவர்கள்கூட அதைச் சிரித்துக்கொண்டே கடைப்பிடித்தார்கள். சந்தனமாரி சிரிக்காமல் கடைப்பிடித்தாள். அவள் வாங்கிய ஒவ்வொரு ஐந்து கிராமிலும் அவருடைய ஒரு ரூபாய் இருந்தது. ஆகவே அவர் வாயைத் திறக்காமல் அவள் ஒரு கிராம்கூட விற்க மாட்டாள். இதை மூடநம்பிக்கை என்று அவர் ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்தது. எழுத மனசு வரவில்லை. அறுபத்து நான்கு வயதில், பெற்ற மகளே ‘அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, அம்மாகிட்டக் கேட்டுக்கிறேன்’ என்று சொல்கிற வயதில், ராசியான கை என்று ஒருத்தி நம்பினால் அதை எந்த மடையன் மறுப்பான்?

மகள் கோயம்புத்தூரில். பேரன் பிறந்தபோது ஆறு மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போன மனைவி வசந்தா, ஐந்து வருஷமாக ஆறு மாசம் இருக்கிறாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் வரும். கேஸ் வந்ததா, மாத்திரை இருக்கிறதா, மோட்டாரை நிறுத்தினீர்களா. மூன்று கேள்வி, மூன்று ஆமாம், அப்புறம் பேரன் ஒரு தாத்தா சொல்வான், வைத்துவிடுவார்கள். திங்கள் தொடங்கிச் சனி வரை அந்த வீட்டில் மனிதக் குரல் என்றால் பால்காரர் குரலும் யூடியூப் பையன் குரலும்தான். சில நாள் சாயங்காலம் யாருக்காவது ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் தொண்டை கரகரத்துக் குரலே எழும்பாது, அன்று முழுக்கப் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரியும். தினமும் பதினொரு மணிக்கு, சந்தனமாரியின் கம்பெனியில் டீ விடும் நேரத்துக்கு, ‘இன்னிக்கு எப்படி சார்?’ என்று வரும். அது வருவதற்கு முன்னால் அவர் குளித்து, தலை சீவி, சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பனியனோடு உட்கார்ந்து அவளுக்குப் பதில் எழுதியதே இல்லை. இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் கேட்கிறவன் கண்ணைச் சிமிட்டுவான். அந்த மாதிரி இல்லை. அவள் எப்படி இருப்பாள் என்று அவருக்குத் தெரியாது, முகப்பில் மாரியம்மன் படம் வைத்திருந்தாள், நினைத்துப் பார்த்ததும் இல்லை. ஒரு நாளில் ஒரு தரம் யாரோ ஒருத்தருக்கு அவருடைய வாயிலிருந்து ஒரு வார்த்தை தேவைப்பட்டது. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் இல்லாவிட்டால் அந்த நாளில் மீதி என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். இட்லி, மாத்திரை, மோட்டார்.

“சார், நம்பர் என்ன ஓடுது?” பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கையால் இடித்தார். பெரிய உடம்பு, வெள்ளை வேட்டி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. கோட்டைச்சாமி, ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று வந்த உடனே சொல்லியிருந்தார். “கண்ணு ஆபரேசன் ஆகி எட்டு நாளுதான் ஆச்சு. சொவத்துல செவப்பா ஏதோ தெரியுது, எழுத்துத் தெரியல. எனக்கு இருபத்தொம்பது. வந்தா ஒரு தட்டுத் தட்டுங்க சார்.” “இருபத்து மூணு ஓடுதுங்க. நான் சொல்றேன், நீங்க நிம்மதியா இருங்க,” என்றார் அருணகிரி. சொல்கிறேன் என்று சொல்வதில் அவருக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. ஏட்டு நெஞ்சின் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஒரு ஆள் இவ்வளவு சீக்கிரம் இன்னொரு ஆளை நம்பிச் சாய்ந்துவிட முடியுமா?

போன மாசம் ஒரு புதன்கிழமை. அதைத்தான் அவர் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்தும் தொடாமல் இருந்தார், நாக்கு நோகிற பல்லைத் தொடாமல் சுற்றுகிற மாதிரி. அன்று வெள்ளி உச்சத்தில் இருந்தது. பதினொரு மணிக்கு முன்னாலேயே, எட்டேகாலுக்கே, அவள் செய்தி. ‘சார், கூட்டிப் பாத்தேன் சார். ரெண்டு லட்சத்து இருபதாயிரம் வருது சார். ஒத்திக்கு ஒரு வீடு இருக்கு. வித்துரவா சார்?’ எழுத்தெல்லாம் ஓடி வந்த மாதிரி இருந்தது. அவர் சந்தோஷப்பட்டார். பொய் சொல்லக் கூடாது, முதலில் சந்தோஷம்தான் பட்டார். ‘ரொம்ப நல்லதும்மா’ என்று எழுதினார். எழுதி, அனுப்புவதற்கு முன்னால், டம்ளரை எடுத்து ஒரு வாய்க் காபி குடித்தார். அந்த ஒரு வாய்க்குள்தான் எல்லாம் நடந்தது. விற்றுவிடுவாள். இரண்டு லட்சத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவாள். கையில் வெள்ளி இருக்காது. வெள்ளி இல்லாதவள் பதினொரு மணிக்கு இன்னிக்கு எப்படி சார் என்று எதற்குக் கேட்கப் போகிறாள்? நாளைக்குப் பதினொரு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு எதற்கு உட்கார வேண்டும்? எழுதியதை அழித்தார். ‘பொறுங்க, ஏறும். இன்னும் ஒரு மாசம் பாருங்க’ என்று எழுதினார். யூடியூப் பையன் அன்று ஏறும் என்றுதான் சொன்னான் என்று பிற்பாடு தனக்குத் தானே சாட்சி வைத்துக்கொண்டார். அவன் என்றைக்கு இறங்கும் என்று சொல்லியிருக்கிறான்? பத்து நிமிஷம் கழித்து அவளிடமிருந்து வந்தது: ‘சரி சார்.’ வெறும் சரி சார். அதற்கு முன்னால் பத்து நிமிஷம் அவள் என்ன செய்தாள் என்று அன்றைக்கு அவர் யோசிக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. காபியைக் குடித்து முடித்தார். சூடு போயிருந்தது, ஆனாலும் குடித்தார். அப்புறம் ஒரு வாரம் ஏறுவது போல ஆடியது, அப்புறம் நின்றது, பிறகு இறங்கத் தொடங்கியது, தொடர்ந்து இன்றோடு ஆறாவது நாள். தினமும் அவள் கேட்டாள், தினமும் அவர் சொன்னார், பொறுங்க. ஒரு தரம் சொல்லிவிட்ட பொய்யை மாற்றுவதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்துக்குள் முதல் பொய் தெரிந்துவிடும், ஆகவே பொறுங்க. இப்போது கூட்டினால் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் வந்தால் அதிகம். இன்னும் இரண்டு நாள் போனால் அதுவும் இல்லை. இன்று விற்கச் சொன்னால் அவளுக்கு வீடு கிடைத்துவிடலாம், குறைகிறதை எப்படியாவது புரட்டிவிடுவாள், அந்தப் பெண் கெட்டிக்காரி. சொல்லாவிட்டால் வீடு போகும். சொன்னால் பதினொரு மணி போகும். இதிலே யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு தட்டில் ஒரு பெண்ணின் வீடு, இன்னொரு தட்டில் ஒரு கிழவனின் பதினொரு மணி. எடை போடத் தெரியாத குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அவர் கை மடியிலேயே கிடந்தது. கை பயப்பட்டது. அவர்தான் பயப்பட்டார். அந்த வீட்டுக்குப் போய்ச் சாவியைப் போட்டுத் திறக்கிறபோது உள்ளே இருந்து வருமே ஒரு வாடை, ஆள் நடமாடாத இடத்து வாடை, அதற்குப் பயப்பட்டார். நாளைக்கு விலை கொஞ்சம் ஏறினால்? ஏறினால் இரண்டும் கிடைக்குமே, வீடும், பதினொரு மணியும். அவளே வீட்டுக்காரரிடம் இன்னும் ஒரு நாள் கேட்டுப் பார்க்கலாமே. ஒரு நாள்தானே. போன மாசமும் இப்படித்தான் நினைத்தார் என்பது ஞாபகம் வந்ததும் உட்கார்ந்த இடத்தில் அவருக்கு உடம்பு கூசியது.

“என்ன சார், இன்னும் வரலயா?” என்று ஏட்டு கேட்ட பிறகுதான் சுவரைப் பார்த்தார். முப்பத்து மூன்று. “முப்பத்து மூணு ஆயிருச்சுங்க,” என்றார். ஏட்டு தாமாகவே எழுந்து, எதிரில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தடவித் தடவி, ஜன்னலுக்குப் போனார். உள்ளே இருந்த பெண், “இருபத்தொம்பது எப்பவோ போயிருச்சு பெரியவரே. சாப்பாட்டு நேரம் முடிஞ்சி ரெண்டரைக்கு வாங்க,” என்றாள். ஏட்டு திரும்பி வந்தார். சத்தம் போடுவார் என்று அருணகிரி எதிர்பார்த்தார், போட்டிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு ஆறியிருப்பார். ஏட்டு சத்தம் போடவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு ஏறத்தாழ அவர் இருக்கும் திசையைப் பார்த்துச் சொன்னார். “முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருக்கலாம்ல சார். நான் வேற யாரையாச்சும் கேட்டுருப்பேன்ல.” அருணகிரி மன்னிப்புக் கேட்க எழுந்தார். என் டோக்கனில் நீங்கள் போங்கள் என்று நீட்டினார். “வேண்டாம் சார், ஒங்க மொறையில நீங்க போங்க,” என்று ஏட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். வேறு யாரையாவது கேட்டிருப்பேன். வேறு யாரையாவது. அவளும் கேட்டிருப்பாள். ராசியான கை ஒன்று குறுக்கே இல்லாவிட்டால் கம்பெனி மேஸ்திரியைக் கேட்டிருப்பாள், அந்த முட்டைக்காரரைக் கேட்டிருப்பாள், யாரையும் கேட்காமல் தன் புத்தியைக் கேட்டிருப்பாள், அவள் புத்தி அன்று எட்டேகாலுக்கே சரியாகத்தான் சொல்லியிருந்தது. மணி பதினொன்று இருபத்தைந்து. போனை எடுத்தார். ‘இப்பவே வித்துருங்கம்மா. வீட்டை விட்றாதீங்க.’ அனுப்பிவிட்டார். யோசித்தால் கை திரும்பிவிடும் என்று யோசிக்காமல் அனுப்பினார்.

உடனே பதில் வந்தது, போனைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறாள். ‘சரி சார். இப்பவே வித்துர்றேன். ரொம்ப நன்றி சார். நீங்க போன மாசம் பொறுக்கச் சொன்னதும் ஏதோ நல்லதுக்குத்தான் இருக்கும் சார். நீங்க கணக்குப் பாக்காமச் சொல்ல மாட்டீங்க. என் நேரம் சரியில்ல, நான் தொட்டா எல்லாம் எறங்கிரும்.’ இதைப் படித்துவிட்டு அவர் போனைப் பையில் போட்டிருந்தால் கதை முடிந்தது. நல்ல பெயரோடு முடிந்திருக்கும். அவளும் சாகும்வரை வெள்ளி சாருக்கு நல்ல மனசு, என் நேரம்தான் கெட்டது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தார். நான் தொட்டா எல்லாம் எறங்கிரும். புருஷன் போனபோதும் இதைத்தான் சொல்லியிருப்பாள், அண்ணன் வீட்டுக்குப் பெட்டியோடு போனபோதும் இதைத்தான் நினைத்திருப்பாள், அந்தக் கணக்கில் இதையும் சேர்த்து எழுதிக்கொள்கிறாள், எழுதிக் கொடுப்பவர் அருணகிரி. நன்றியை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் இதை எப்படி வாங்கிக்கொள்வது? எழுதினார். எழுத எழுதக் கண்ணில் நீர் முட்டியது, முட்டட்டும், கண் ஆபரேஷன் ஆனவர்கள் நாலு பேர் அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ‘உங்க நேரம் இல்லம்மா. போன மாசம் நீங்க கேட்டதும் விக்கச் சொல்லியிருக்கணும். அதுதான் சரின்னு எனக்கே தெரியும். வித்துட்டா அப்புறம் நீங்க என்கிட்டப் பேச மாட்டீங்கன்னுதான் பொறுங்கன்னு சொன்னேன். எனக்குப் பேச ஆள் இல்ல. வேற கணக்கு எதுவும் நான் பாக்கல.’ கடைசியில் பழக்க தோஷத்தில் கை இது ஆலோசனை அல்ல என்று தொடங்கியது, அழித்தார். அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை போடவில்லை என்று தெரிந்தது. இனிமேல் போட்டால் அது தனியாக, பிச்சை கேட்கிற மாதிரி நிற்கும். படித்துவிட்டாள். எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறாள். நின்றது. முப்பத்தேழு, முப்பத்தெட்டு. எழுதுகிறாள் என்பதும் போய்விட்டது. அவர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எழுத்தாக வரவில்லை, குரலாக வந்தது, பதிவு செய்து அனுப்பிய குரல். மூன்று வருஷத்தில் அவள் குரலை அவர் கேட்டதில்லை. ஒலி வெளியே கேட்காதபடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். மெலிசாக, பயந்த மாதிரி ஒரு குரலைத்தான் இத்தனை நாளும் அவர் அந்த எழுத்துகளுக்குக் கொடுத்து வைத்திருந்தார். இது கனமான குரல், பஞ்சுத் தூசி குடித்துக் கரகரத்த குரல், பின்னால் எங்கேயோ தறிகள் ஓடின. “சார். வித்துட்டேன் சார். ஒம்பதாயிரம் கொறையுது. காதுல கெடந்த தோட்டக் கழட்டிட்டேன், அது சரியாப் போயிரும். வீட்டுக்காரர்ட்டயும் சொல்லிட்டேன். பணத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல சார். ஆனா ஒரு மாசம் சார். எங்க அண்ணி என்னைய உள்ள படுக்க வேண்டாம்னுட்டாங்க. மாடிப்படிக்கு அடியில, மோட்டார் வெச்சிருக்க எடம் இருக்குல்ல, அங்கதான் சார் ஒரு மாசமாப் படுத்துருக்கேன். நீங்க ஏறும் ஏறும்னு போட்டதெல்லாம் அங்க உக்காந்துதான் பாத்தேன். ஒங்ககிட்ட இதெல்லாம் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். பெரிய ஆபீசரா இருந்தவரு, வெள்ளி பத்திப் பேசுறவரு, அவருக்கு எதுக்கு நம்ம கதைன்னு.” தறிச்சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. போய்விட்டாளோ என்று அவர் போனை எடுத்துப் பார்த்தார், இன்னும் பாக்கி இருந்தது. “பேச ஆளில்லன்னா சொல்லிருக்கலாம்ல சார். வெள்ளி இல்லாமலே பேசிருக்கலாமே. எனக்கு மட்டும் யாரு இருக்கா? தெனம் அந்தப் பதினொரு மணிக்கு எப்படி சார்னு கேப்பேனே, எனக்கு என்ன வெள்ளியப் பத்தி மட்டுமா கேக்கணும்னு இருந்துச்சு?” மறுபடி தறி. “சரி சார். இனிமே எனக்குப் போடாதீங்க.”

சுவரில் நாற்பத்தொன்று வந்துவிட்டது என்று பக்கத்தில் யாரோ இரண்டு தரம் சொன்னார்கள். எழுந்து போனார். ஓய்வூதியப் புத்தகத்தைக் கொடுத்தார். வலது கை கட்டை விரல் என்றாள் ஜன்னல் பெண், வைத்தார், பதியவில்லை, துடைத்துவிட்டு வைங்க சார் என்றாள், துடைத்துவிட்டு வைத்தார். “ஆச்சு சார். அடுத்த வருஷம் வாங்க.” வெளியே வந்தார். வராந்தாவில் ஏட்டு இல்லை, டீ குடிக்கப் போயிருக்கலாம். வெயில் தலையில் இறங்கியது. பஸ் நிறுத்தத்துக் கூரையின் கீழே நின்று அவளுடைய குரலை மறுபடி ஒரு தரம் கேட்டார். எனக்கு என்ன வெள்ளியப் பத்தி மட்டுமா. மூன்று வருஷம், ஞாயிறு போகத் தினம் ஒரு கேள்வி, ஆயிரத்துக்குப் பக்கம் வரும், அத்தனையிலும் அவள் சாப்பிட்டாளா என்று இவர் ஒரு தரம் கேட்டதில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் வெள்ளியைச் சாக்கு வைத்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். போடாதீங்க என்று சொன்ன பிறகு போடுவது தப்பு என்று அவருக்குத் தெரியும். இருந்தும் ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது. அது விலை இல்லை, கிராம் இல்லை, மன்னிப்பும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டியதைப் போல எளிமையான ஒன்று. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். ‘அந்த வீடு மாடியாம்மா, கீழயா? காத்து வருமா?’ அனுப்பினார். மற்ற நாளென்றால் அனுப்பிய கையோடு பக்கத்தில் இரண்டு டிக் விழுந்துவிடும், போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். ஒன்று விழுந்தது. பஸ் வந்தது, கண்டக்டர் ஏறுறீங்களா பெரியவரே என்றார், இவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை, பஸ் போய்விட்டது. ஒன்றுதான் விழுந்திருந்தது.